படத்தில் விழாத பல்

கச்சேரி ரோட்டில் பல் கட்டும் அறை வைத்திருந்த ஹபீபுர் ரஹ்மான், காலை பத்து மணிக்கு வாசலில் பவுல்சாமி சைக்கிளை நிறுத்துவதைப் பார்த்ததும் சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தார். பவுல்சாமியின் மனைவி ஃப்ளோரா சாந்தோமில் டீச்சர். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்கு மூன்று முன்பற்கள் கட்டிக் கொடுத்திருந்தார்.

பவுல்சாமி சண்டை போடவில்லை.

"பாய், இன்னொரு செட்டு பண்ணணும். பழசு எங்கியோ காணாம பூட்ச்சு."

"எப்படி?"

"நேத்து சாயந்திரம் மாத்திரை போட்டுக்கினு தண்ணி குடிச்சா. அப்பால பார்த்தா வாயில பல்லு இல்ல. முழுங்கிட்டேன்னு ஒரே அழுகை. ஆழ்வார்பேட்டை நர்சிங் ஹோமுக்கு இட்டுக்கினு போனேன். எக்ஸ்ரே எடுத்துட்டு உள்ள ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. தொண்டையில வெறும் கீறல்தான்னாங்க. மத்தியானம் வூட்டுக்கு அனுப்பிடறாங்க."

"எச்சில் முழுங்க முடியுதா அவங்களால?"

"எங்க? கிண்ணத்துல துப்பிக்கினே கீறா. காலையிலேர்ந்து ஜுரம் வேற."

ரஹ்மான் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

அது நாற்பத்தொன்பதாம் வருஷம். அதுவரை ரப்பரை வேகவைத்து அண்ணத்தில் பொருந்தும் தட்டு செய்து, அதில் பீங்கான் பற்களைப் பதித்துவந்தவர், அப்போதுதான் புதிதாக வந்த பிளாஸ்டிக்குக்கு மாறியிருந்தார். பீங்கான் பல்லுக்குள் உலோக ஊசி இருக்கும். ஃப்ளோராவுக்குக் கட்டியதில் தட்டும் பிளாஸ்டிக், பல்லும் பிளாஸ்டிக். பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொள்ளக் கம்பி வைப்பது வழக்கம். பிள்ளைகள் முன்னால் பேசும்போது தெரியும் என்று அவள் வேண்டாம் என்றிருந்தாள். குண்டூசி முனையளவு உலோகம்கூட அதில் கிடையாது. எக்ஸ்ரேயில் எப்படித் தெரியும்?

இன்னொன்றும் அவருக்கு மட்டும் தெரியும். மூன்று வாரத்துக்கு முன் ஃப்ளோரா வந்து, பேசும்போது தட்டு கீழே இறங்குகிறது என்றாள். சூடு ஆறுவதற்குள் அச்சைப் பிரித்ததில் தட்டு கோணியிருந்தது. மேலண்ணத்தில் அது ஒட்டவே இல்லை. கண்ணால் பார்த்தும், "புதுசுல அப்படித்தான் டீச்சர், பழகிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பல் தொழில் செய்கிறவர்கள் பதிந்துகொள்ள வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. அவருடைய மனு இன்னும் முடிவாகவில்லை. இந்த நேரத்தில் இப்படி ஒரு புகார் போனால் தொழிலே போய்விடும். பவுல்சாமியோ எதிரே நின்று, அளவெடுக்க அவளை எப்போது கூட்டிவரலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ரஹ்மான் மேஜையிலிருந்த வேறொருவரின் பிளாஸ்டிக் தட்டை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினார்.

"சைக்கிளை எடுங்க. பின்னாடி உக்காந்துக்கறேன். அவங்கள அனுப்பிடக் கூடாது."

நர்சிங் ஹோமில் டாக்டர் சுந்தரராமன் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ரஹ்மான் சொன்னதை அவர் பாதியிலேயே நிறுத்தினார்.

"படத்தை நானே பார்த்தேன். பல்லு உள்ள இருந்தா தெரியாம போகுமா? எனக்கு நீர் பாடம் எடுக்கறீரா?"

"இல்ல சார். ஒரே ஒரு படம் எடுங்க. இந்தத் தட்டை வெச்சு, பக்கத்துல என் கையையும் வெச்சு எடுங்க. தெரிஞ்சா நான் போயிடறேன்."

டாக்டர் கதவைக் காட்டினார். ரஹ்மான் நகரவில்லை. உள்ளறையில் ஃப்ளோரா ஓக்காளிக்கும் சத்தம் கேட்டது. டாக்டர் ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு எழுந்தார்.

கழுவிய படத்தை ஈரம் சொட்டச் சொட்ட வெளிச்சத்தில் பிடித்தார்கள். ஐந்து விரல் எலும்புகள். மோதிர விரலில் வெள்ளி வளையம் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் தட்டு இருந்த இடத்தில் நிழல்கூட இல்லை.

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். "அவளோடது என்ன வடிவம்? விளிம்பு எப்படி?"

ரஹ்மான் காகிதத்தில் வரைந்து காட்டினார். "இந்த ஓரம் கத்தி மாதிரி மெல்லிசு சார். இழுக்கறப்ப கிழிச்சுடும். அந்த ஓரத்தைத் திருப்பிவிட்டுத்தான் எடுக்கணும்."

மயக்கம் கொடுத்து, உணவுக்குழாய்க்குள் விளக்கு வைத்த குழாயை இறக்கினார்கள். கதவு மூடி முக்கால் மணி நேரம் ஆயிற்று. தாழ்வாரத்து பெஞ்சில் பவுல்சாமி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஹ்மானால் தாங்க முடியவில்லை.

"லூசா இருக்குன்னு டீச்சர் எங்கிட்ட வந்து சொன்னாங்க. பழகிடும்னு அனுப்பிட்டேன். தப்பு என்னுது."

பவுல்சாமி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். பித்தான் ஒன்று தெறித்து விழுந்தது. ரஹ்மான் கையைத் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு, பவுல்சாமி எழுந்து தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

கதவு திறந்தது. நர்ஸ் கையிலிருந்த தட்டத்தில் ரத்தமும் சளியுமாக அந்த மூன்று பற்கள் கிடந்தன.

"குழாயில ஓட்டை விழல. பொழச்சுண்டா. தட்டு இன்னும் ரெண்டு நாள் உள்ளயே இருந்திருந்தா உணவுக்குழாய் அழுகியிருக்கும்" என்றார் டாக்டர். பிறகு, குரலைத் தாழ்த்தி, "நான் வீட்டுக்கு அனுப்ப இருந்தேன்" என்றார்.

ரஹ்மான் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார். மயக்கம் தெளிந்ததும் பவுல்சாமி உள்ளே போய் மனைவியைப் பார்த்துவிட்டு வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"உன்ன மன்னிக்கிறதா இல்லியான்னு எனக்குத் தெரியல பாய்" என்றார். "இப்ப எழுந்து வா. அவளால பேச முடியல. கையக் காட்டி உன்னக் கூப்புடறா."