பாட்டிலைத் திறக்கும் முன்

1

இந்தக் கதை ஒரு பவர்பாயின்ட் கோப்பில் பிறந்தது. ஒன்பது ஸ்லைடுகள். நாளைக் காலை ஆராதனையில், காணிக்கைப் பாட்டுக்கு முன்னால், எனக்கு ஏழு நிமிடம். எட்டு ஸ்லைடுகள் தயார். ஒன்பதாவது வெள்ளையாக இருக்கிறது. அதில் எதைப் போடுவது என்று தெரியாமல் பக்கத்தில் வேறொரு கோப்பைத் திறந்தேன். நீங்கள் படிப்பது அதைத்தான்.

வெளிநாட்டுக்குச் சில நாள் ஊழியம் போய் வந்தவர்கள் சபைக்கு முன் நின்று சாட்சி சொல்வது எங்கள் வழக்கம். கர்த்தர் அங்கே என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து நிறையச் சாட்சிகள் கேட்டிருக்கிறேன். நல்லபடியாக முடியாத சாட்சி ஒன்றுகூட ஞாபகமில்லை.

கதையில் வருகிற பெண்ணுக்கு ஜெரூஷா என்று பெயர் வைத்திருக்கிறேன். அவள் நான்தான். அந்த ஊரைப் பற்றி "நான்" என்று எழுதப் போனால் கை நின்றுவிடுகிறது. "அவள்" என்றால் கொஞ்சம் நகர்கிறது. மற்றவர்களின் பெயர்களை மாற்றவில்லை. ஏன் என்பது கடைசியில் தெரியும்.

2

முதல் தொடக்கம்: விமானத்தின் ஜன்னலுக்குக் கீழே பாக் நீரிணை நீலமாக விரிந்து—

[விட்டுவிட்டேன். ஜெரூஷாவுக்கு ஜன்னல் இருக்கை கிடைக்கவில்லை.]

இரண்டாம் தொடக்கம்: கர்த்தருடைய பெரிதான கிருபையினால் நாங்கள் நான்கு பேரும் சுகமாய்—

[இது முதல் ஸ்லைடில் இருக்கிறது.]

மூன்றாம் தொடக்கம்:

வேதா ஆன்ட்டி தையல் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு மாடிப்படி ஏறினால் அவருடைய கடை. பள்ளிக்கூட யூனிபார்ம் தைப்பவர். மடியில் ஒரு சின்னக் கால்சட்டை கிடந்தது.

"இலங்கைலாம் ஒரு வெளிநாடாடி? பாஸ்போர்ட் கேக்குறாங்களா?"

"கேக்குறாங்க ஆன்ட்டி."

"எவ்ளோ நேரம் பிளைட்டு?"

"ஒண்ணேகால் மணி நேரம்."

"சாயங்காலத்துல கூடுவாஞ்சேரி போறதுக்கே அவ்ளோ ஆவுதே!" சிரித்தார். பிறகு கால்சட்டையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "எனக்கு ஒண்ணு கொண்டாரணும் நீ."

"என்ன ஆன்ட்டி?"

"அந்தத் தண்ணி. ஒரு பாட்டில். எருசலேம் போறவங்க யோர்தான் தண்ணி கொண்டாருவாங்கல்ல, அது மாதிரி. எம்புள்ள பேர்ல வர்ற தண்ணிய ஒரு வாய் குடிச்சுப் பாக்கணும்."

எபி அவருடைய ஒரே மகன். இரண்டு வருடங்களுக்கு முன் பெருங்களத்தூர் அருகே பைக் விபத்தில் இறந்தான். அவன் நினைவாக ஆன்ட்டி கொடுத்ததுதான் வவுனியா பக்கத்துக் கிராமத்தில் போட்ட குழாய்க் கிணறு. அதை ஜெபித்துத் திறந்துவைக்கத்தான் நான்கு பேர் போகிறார்கள்.

(எபி வாலிபர் கூட்டத்தில் டிரம்ஸ் வாசிப்பான். ஜெரூஷா அதிகம் பேசாதவள் என்பதால் அவளை "சைலன்ட் மோட்" என்று கூப்பிடுவான். அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது, பிடிக்காமலும் இருந்தது.)

மூன்றாம் தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன்.

3

ஜெரூஷாவைக் குழுவில் சேர்த்ததற்குக் காரணம் அவள் ஜெபமோ பாட்டோ கிடையாது. அவள் பி.எஸ்சி. வேதியியல். குரோம்பேட்டையில் ஒரு தனியார் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் போர் தண்ணீர் நாள் முழுவதும் பாட்டில் பாட்டிலாக வரும்.

"நீயே டெஸ்ட் பண்ணி, அப்படியே கையில டியூப வச்சுக்கினு ஒரு போட்டோ எடுத்துரலாம். ஸ்லைடுக்கு சூப்பரா இருக்கும்" என்றார் குமரேசன் அண்ணன். குழுத் தலைவர். சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை.

திறப்பு விழா அன்று காலை ஏழு மணிக்கு அவள் குழாயடியில் குந்தி உட்கார்ந்து சோதித்தாள். உப்பு, கடினத்தன்மை, இரும்பு எல்லாம் சரி. கடைசியாக ஃப்ளோரைடு.*

* சிவப்புச் சாயம் சில துளிகள் விட வேண்டும். ஃப்ளோரைடு குறைவாக இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகவே நிற்கும். கூடக் கூட மஞ்சள் பக்கம் போகும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் வரை பொறுக்கலாம்.

தண்ணீர் மஞ்சளானது. அட்டையில் இருந்த வண்ணங்களோடு ஒப்பிட்டாள். மூன்றுக்குப் பக்கத்தில். டெஸ்ட் டியூபைக் கழுவித் திரும்பச் செய்தாள். மஞ்சள். பிறகு ஐம்பதடி தள்ளி இருந்த பழைய கிணற்றில் வாளி போட்டு அள்ளினாள். கைப்பிடிச் சுவர் இல்லாத, ஆழமில்லாத கிணறு. அந்தத் தண்ணீர் இளஞ்சிவப்பாகவே நின்றது.

இங்கே வாசகரிடம் ஒன்று சொல்ல வேண்டும். இது விஷம் இல்லை. குடித்தவுடன் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஈறுக்குள் வளர்ந்துகொண்டிருக்கிற பல்லில் முதலில் ஏறும். முளைக்கும்போதே திட்டுத் திட்டாக, பழுப்பாக முளைக்கும். வருடக்கணக்கில் குடித்தால் எலும்புக்குப் போகும், மூட்டு இறுகும். மெதுவான விஷயம். அவசரமில்லை என்று நினைத்துக்கொள்ள வசதியான விஷயம்.

4

முதல் வரைவில் குமரேசன் அண்ணனைக் கெட்டவராக எழுதியிருந்தேன். "அவர் கண்களில் ஒரு கணம்—" என்று ஒரு வாக்கியம்கூட இருந்தது. அழித்துவிட்டேன். அவர் கண்களை அவள் பார்க்கவே இல்லை. டெஸ்ட் டியூபைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மஞ்சள்னா நல்லதா கெட்டதாம்மா?"

"கெட்டதுண்ணா. குடிக்கக் கூடாது. ரெண்டு மடங்கு இருக்கு."

"உன் கிட்டுல ஏதாச்சும் தப்பு இருக்குமா?"

"இருக்கலாம். ஊருக்குப் போய் லேப்ல பாத்தா கரெக்டா தெரியும்."

"அப்ப அங்க பாத்துக்கலாம். இப்ப வேணாம் ஜெரூஷா, ப்ளீஸ். ஆன்ட்டி வீடியோ கால்ல காத்துனு இருக்காங்க."

விபத்து நடந்த அன்று எபியைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனவர் குமரேசன் அண்ணன். ஆஸ்பத்திரி வாசலில் வேதா ஆன்ட்டியிடம் அதைச் சொன்னவரும் அவர்தான். இன்னொரு தடவை ஆன்ட்டியிடம் போய்ச் சொல்லு என்று யார் அவரைக் கேட்பது? இதைத் தெரிந்துகொண்டு அவரைக் கெட்டவராக எழுத முடியவில்லை. நல்லவராக எழுதவும் முடியவில்லை.

போனை அவர் உயர்த்திப் பிடித்தார். ரிப்பன் வெட்டினார்கள். எபியின் பெயர் போட்ட கல்லைத் துடைத்தார்கள். பிள்ளைகள் கைக்குழாயை அடித்தார்கள், தண்ணீர் பாய்ந்தது. திரையில் ஆன்ட்டி அழுதுகொண்டே சிரித்தார். அப்போது அவர் கண்ணில் பழைய கிணறு பட்டது.

"அது என்னாது, சொவுரே இல்லாம? புள்ளைங்க விழுந்துருமே! அத மூடிருங்கய்யா. எனக்காக மூடிருங்க. இனிமேதான் நல்ல தண்ணி இருக்குல்ல."

"மூடுறம் அம்மா. வாக்குத் தாறம்" என்றார் ஊர்க் கமிட்டித் தலைவர். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஜெரூஷாவும் தட்டினாள்.

5

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றிருந்தேன்.

விழா முடிந்ததும் யோகராணி அக்கா அவளை வீட்டுக்குக் கூப்பிட்டார். குழாய்க்கு எதிர் வீடு. வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்காரவைத்தார்.

"புதுத் தண்ணியில முதல் தேத்தண்ணி உங்களுக்குத்தான் பிள்ளை. குடியுங்கோ. நிறத்தைப் பாருங்கோ, என்ன வடிவா இருக்கு."

ஆறு வயது மகள் டிலானி வந்து வாயைத் திறந்து காட்டினாள். முன்பல் ஆடியது. நாக்கால் தள்ளித் தள்ளிக் காட்டினாள்.

"எப்ப விழும்?" என்று ஜெரூஷாவைக் கேட்டாள்.

"சீக்கிரம்."

"பிறகு புதுப் பல்லு வருமோ?"

"வரும்."

அதற்கு அவள் சொன்னது இந்த ஒரு சொல்தான். எப்படிப்பட்ட பல் என்று சொல்லவில்லை. தேத்தண்ணியை முழுவதும் குடித்தாள். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். பிறகு இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, துண்டில் சுற்றி, பெட்டியில் வைத்தாள். ஒன்று லேபுக்கு. ஒன்று ஆன்ட்டிக்கு.

6

லேபில் ஃப்ளோரைடு 2.8.

அறிக்கையைக் குமரேசன் அண்ணனுக்கு அனுப்பினாள். நீல டிக் விழுந்து இரண்டு நாள் கழித்து அவள் வீட்டு வாசலுக்கே வந்தார். "ஏதாச்சும் பில்டர் போட முடியுமான்னு கேட்டுனு இருக்கேன். கொஞ்சம் டைம் குடும்மா. சாட்சில மட்டும் இத எடுக்காத. அவங்க தாங்க மாட்டாங்க."

"அப்ப அந்தப் பழைய கிணத்த மூடப் போறாங்களேண்ணா?"

"அத நிறுத்தச் சொன்னா ஏன்னு கேப்பாங்களே."

மூன்று வாரம் இப்படியே போனது.

இந்த இடத்திலிருந்து எனக்கு மூன்று முடிவுகள் தெரிகின்றன.

முடிவு அ. ஒன்பதாவது ஸ்லைடில் இரண்டு டெஸ்ட் டியூப்களின் படம். ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று மஞ்சள். ஜெரூஷா மைக்கில் பேசுகிறாள். துணிச்சலான முடிவு. ஆனால் வேதா ஆன்ட்டி முன் வரிசையில் இருப்பார். தன் மகனின் கிணற்றைப் பற்றி முந்நூறு பேரோடு சேர்ந்து தெரிந்துகொள்வார். முந்நூறு பேரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். வேண்டாம்.

முடிவு ஆ. ஒன்பதாவது ஸ்லைடில் டிலானி கை குவித்துத் தண்ணீர் குடிக்கிற படம். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது, அழகாக வந்திருக்கிறது. அல்லேலூயா. வருகிற புதன்கிழமை பழைய கிணற்றை மூட நாள் குறித்திருக்கிறார்கள், அதற்குள் மண் விழுகிறது. [இதற்கு மேல் எழுத—]

முடிவு இ. குமரேசன் அண்ணன் ஆன்ட்டியிடம் சொல்லிவிடுகிறார். இதைத்தான் நான் மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருந்தேன், தாளில் எழுதாமல்.

7

வாசகர் கேட்கலாம்: ஆன்ட்டி இருக்கட்டும், அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களிடம் சொன்னாளா?

இன்று காலைவரை சொல்லவில்லை.

காலை ஆறரைக்கு வாட்ஸ்அப்பில் யோகராணி அக்காவை அழைத்தாள். எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினாள். மறுமுனையில் சேவல் கூவியது.

"மூண்டு கிழமையா ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"பயமா இருந்துச்சு அக்கா."

"அண்டைக்கு என்ர வீட்டில தேத்தண்ணி குடிச்சனீங்கள். தெரிஞ்சுகொண்டே குடிச்சனீங்கள்?"

"ஆமா."

"நான் உங்களுக்கு ஊத்தித் தந்திட்டு, பிள்ளைக்கும் குடுத்தனான். பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

"ஆமா அக்கா."

பிறகு யோகராணி பேசினார். குரலில் கோபம் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான் பழைய கிணத்தில அள்ளுவன். மற்ற ஆக்கள் நான் சொல்லிக் கேக்க மாட்டினம். புதன்கிழமை மண் வருது. கட்டித் தந்த அம்மாவுக்குக் குடுத்த வாக்கு எண்டு நிக்கினம். அந்த அம்மா வாயால ஒரு சொல்லு வந்தாத்தான் நிப்பாட்டுவினம். அவவைக் கதைக்கச் சொல்லுங்கோ. எழுதி அனுப்பினா காணாது. கதைக்கவேணும்."

"சரி அக்கா."

"அவவுக்கும் பயத்தில சொல்லாமல் விட்டிராதேங்கோ."

8

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு எழுத என்னால் முடியாது. அது என் கையில் இல்லை. அடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. புதன்கிழமை மண் விழுமா என்பது ஒரே ஒருவரின் வாயில் இருக்கிறது.

இதுவரை கூடவே வந்த வாசகரே, மன்னிக்க வேண்டும். இதன் முதல் வாசகர் நீங்கள் இல்லை. இனிமேல் வருவது அவருக்கு.

ஆன்ட்டி,

நேரில் நின்று சொல்ல எத்தனையோ தடவை படியேறி, மெஷின் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். எபி எனக்கு வைத்த "சைலன்ட் மோட்" சரியான பெயர்தான். அதனால்தான் இந்தத் தாள்கள்.

நீங்கள் கேட்ட தண்ணீரை இந்தத் தாள்களோடு வைத்திருக்கிறேன். ஒரு வாய் குடித்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. அதை எங்கள் லேபில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குடிப்பதும் குடிக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் தெரிந்த பிறகு குடியுங்கள். யோகராணி அக்காவுக்கு நான் கொடுக்காதது அதுதான்.

எபியின் குழாயை யாரும் பிடுங்க வேண்டியதில்லை. குளிக்கலாம், துவைக்கலாம், தோட்டத்துக்கு விடலாம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் கூடாது. பழைய கிணற்றை மூடாமல் சுற்றிச் சுவர் எழுப்பினால் பிள்ளைகள் விழ மாட்டார்கள். நீங்கள் பயந்தது அதற்குத்தானே.

இதெல்லாம் அன்று காலை ஏழு மணிக்கே எனக்குத் தெரியும். ஜெரூஷாவுக்கு இல்லை, எனக்கு. நான் பார்த்தேன், நான் கைதட்டினேன், நான் குடித்தேன்.

குமரேசன் அண்ணனைக் கோபிக்காதீர்கள். அவர் உங்களிடம் ஒரு தடவை சொல்லிவிட்டார், இன்னொரு தடவை அவரால் முடியவில்லை. என்னை என்ன சொன்னாலும் சரி.

இதைப் படிக்கும்போது நான் கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டாலும் அங்கேயே இருப்பேன். நாளைக்கு அந்த ஏழு நிமிடத்தை நான் எடுத்துக்கொள்ளவா வேண்டாமா என்பதையும் நீங்களே சொல்லுங்கள்.

யோகராணி அக்காவின் எண்ணைப் பாட்டிலில் ஒட்டியிருக்கிறேன். மூடிக்கு மேல். திறப்பதற்கு முன் கண்ணில் படும்.

இந்நேரத்துக்கு அங்கே கூப்பிடலாமா என்று யோசிக்க வேண்டாம். அங்கேயும் இங்கேயும் ஒரே நேரம்தான் ஆன்ட்டி.