வெள்ளிக்கிழமை ஹாருவான் சூப்

என் மனைவி செல்வநாயகிக்கு இதயத்தில் வால்வு மாற்றிய பிறகு, கோலாலம்பூரிலிருந்து பினாங்கில் எங்கள் பாயான் பாரு வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தேன். நெஞ்செலும்பை அறுத்துக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். இருமுவதென்றால்கூட ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். இப்படிப்பட்ட மனுஷியை நிம்மதியாகப் படுக்க விட்டார்களா இந்த ஊர்க்காரர்கள்? விடவில்லை.

இருபது இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு, அந்த அறுபதுகளில், அவள் பினாங்கு மாநிலப் பெண்கள் கூடைப்பந்து அணியின் நட்சத்திரம். நான் அப்போது சிரம்பானில் குமாஸ்தா. முழங்கால் கெட்டு அவள் ஆட்டத்தை விட்ட பிறகுதான் எங்களுக்குச் சம்பந்தம் பேசினார்கள். அவள் ஒரு பந்தைக் கையில் பிடித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அவள் நாயகி. ஊருக்கு அவள் செல்வி. “செல்வி எப்படி இருக்காங்க?” என்று கேட்டுக்கொண்டு வாசலில் ஆள் வந்தபடியே இருந்தது. கூட ஆடிய சீனப் பெண்மணிகள் ஆரஞ்சுப் பழக் கூடையோடு வந்தார்கள். நிபோங் திபாலிலிருந்து ஒரு டாக்சிக்காரர் அன்றைய சவாரியை விட்டுவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். எல்லோரிடமும் ஓர் ஆட்டத்தின் கதை இருந்தது. அவர்கள் சொல்லச் சொல்ல அவள் முகம் மலரும். நான் குசினியில் காப்பி கலக்கிக்கொண்டிருப்பேன். எனக்குப் பொறாமை. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

மற்றவர்களையாவது பொறுத்துக்கொண்டேன். மீரா சாகிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. சூலியா தெருவில் காசு மாற்றும் கடை வைத்திருப்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது அவளுடைய ஆட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லையாம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு வெள்ளைச் சட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். கையில் ஒரு ஃபிளாஸ்க், அதற்குள் ஹாருவான் என்கிற விரால் மீன் சூப். அறுத்த புண்ணுக்கு ஹாருவான்தான் மருந்து என்பதில் இந்த ஊரில் மலாய்க்காரர், சீனர், தமிழர் யாருக்கும் சண்டை கிடையாது.

“ஈப்போ டீம் கூட ஃபைனல் அண்ணே,” என்று அவர் எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். நான் கேட்கவே இல்லை. “கடைசி நிமிஷம். அக்கா ஓரத்துல நிக்கிறாங்க. ரெண்டு பேரு மறிக்கிறாங்க. இடது கையில தூக்கிப் போட்டாங்க பாருங்க, நேரா வலைக்குள்ள லா.”

“இடது கையா?”

“அக்காவுக்கு எப்பவும் இடது கைதானே அண்ணே. தெரியாதா உங்களுக்கு?”

தெரியாது. பத்தொன்பது வருடமாக அவள் எனக்குச் சோறு போட்டது வலது கை. திருநீறு பூசியது வலது கை. என் பெண்டாட்டியின் கை எந்தக் கை என்று ஒரு காசு மாற்றுக்காரர் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை என்றால் நாயகிக்கு மரக்கறிதான். சின்ன வயதிலிருந்து அப்படி. எங்கள் கல்யாணமான புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை என் அண்ணன் நண்டுக் கறியோடு விருந்து வைத்தார். எல்லோரும் வற்புறுத்தியும் தயிர்ச் சோறு தின்றுவிட்டு எழுந்தவள் இவள். ஆஸ்பத்திரியில் முட்டையைத் தள்ளி வைத்து நர்ஸிடம் திட்டு வாங்கியவள். எங்கள் அடுப்பில் வெள்ளிக்கிழமை மீன் ஏறியதே கிடையாது. அப்படிப்பட்டவள் மீரா சாகிப் ஊற்றிக் கொடுத்த சூப்பை வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்து, “நல்லா இருக்கு தம்பி” என்றாள்.

ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். மாத்திரை கொடுத்தேன், முதுகு துடைத்தேன், பேசவில்லை. என் அண்ணனுக்காக விடாத விரதத்தை எவனோ ஒருத்தனுக்காக விட்டாளே, எனக்காக விடுவாளா? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அடுத்த வெள்ளி காலையில் பாசாருக்குப் போய் உயிரோடு துள்ளிய ஹாருவானாகப் பார்த்து வாங்கினேன். இஞ்சி தட்டிப் போட்டு, மிளகு போட்டு, அவள் அடுப்பில், அவள் சட்டியில் வைத்தேன். வீடெல்லாம் மீன் வாசம். மத்தியானம் ஒரு கோப்பையில் ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினேன்.

“என்னப்பா இது?”

“ஹாருவான் சூப். குடியும்.”

“இண்டைக்கு வெள்ளிக்கிழமை.”

“போன கிழமை குடிச்சதும் வெள்ளிக்கிழமைதான். அவன் கொண்டுவந்தா இனிக்குது, நான் வைச்சா கசக்குதோ?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபித்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். கோபிக்கவில்லை.

“நான் வெள்ளியில மீன் மச்சம் தொடமாட்டன் எண்டு மீரா சாகிப்புக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த மனுசன் கொண்டுவந்திருக்காது. ஆசையாக் கொண்டுவந்ததை எப்பிடித் திருப்பிக் குடுக்கிறது? உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சமைச்சிருக்கிறியள்.”

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு கையை நீட்டினாள்.

“தாங்கோ, குடிக்கிறன்.”

வாரம் முழுக்க நான் ஆசைப்பட்டது இதுதான். கோப்பையைக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. கொடுக்க முடியவில்லை. அவளைப் பற்றி எல்லோருக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் ஒன்றும் தெரியாது என்று வெந்துகொண்டிருந்தேன். வந்து போன அத்தனை பேரில் ஒருவருக்கும் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது இந்த வெள்ளிக்கிழமை விரதம். அதைத்தான் இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்திருக்கிறேன்.

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கோப்பையைக் கொண்டுபோய்க் குசினித் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தேன். மீரா சாகிப் ஃபிளாஸ்க்கோடு படியேறிக்கொண்டிருந்தார்.

“அவருக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ,” என்று நாயகி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “பாவம், மனம் நோகும்.”

அப்படியென்றால் மறுபடியும் குடிக்கப் போகிறாள்.

“இன்னைக்கு நல்ல பெரிய மீனு அண்ணே,” என்றபடி மீரா சாகிப் உட்கார்ந்தார். “வீட்டுல ஷரீஃபா காலையிலயே அடுப்புல ஏத்திட்டா. அக்கா, சூடு ஆறதுக்குள்ள குடிச்சிருங்க.” மூடியில் ஊற்றி நீட்டினார்.

நாயகி கையை நீட்டினாள். அதற்குள் நான் குறுக்கே புகுந்து மூடியை வாங்கி ஒரே மடக்கில் குடித்தேன். நாக்கு வெந்துவிட்டது.

“அண்ணே, அது அக்காவுக்கு,” என்றார் அவர்.

“எனக்குச் சரியான பசி தம்பி. இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ.”

ஊற்றினார். குடித்தேன். மறுபடி நீட்டினேன். ஃபிளாஸ்க் காலியாகும்வரை நீட்டினேன். மீரா சாகிப் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். நாயகி தலையணையை எடுத்து மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “நோகுது, நோகுது” என்றாள், சிரிப்பை மட்டும் நிறுத்தவில்லை. அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று விளங்காமலே அவரும் சேர்ந்து சிரித்தார்.

“அண்ணனுக்கு இவ்ளோ புடிக்கும்னு தெரியாமப் போச்சு. அடுத்த வெள்ளி ரெண்டு ஃபிளாஸ்க் கொண்டாரேன் லா.”

“வெள்ளி வேண்டாம்,” என்றேன். “வியாழக்கிழமை வாங்கோ தம்பி.”

இப்படி அவரை நானே வரச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் போனதும் நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“சூப் எப்பிடி இருந்தது?”

“உப்புக் கூடிப்போச்சு,” என்றேன். அவ்வளவு ருசியான சூப்பை நான் என் வாழ்நாளில் குடித்ததில்லை.