கெட்டிலுக்குப் போட்ட தொப்பி

டாடி டிராக்டரில் ஏறி உட்கார்ந்ததும் சாவியைத் திருப்பிவிட மாட்டார். முதலில் சமையலறை ஜன்னலைப் பார்ப்பார். அங்கே மூன்று தலை தெரிய வேண்டும்: நான், தங்கை ஊனா, கடைக்குட்டி ஃபின்டன். எண்ணி முடித்துத் தொப்பியைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் எஞ்சின் உறுமும். ராஸ்காமன் மாவட்டத்தில் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். "டெர்மட் வண்டிய எடுக்கறதுக்குள்ள புல்லு இன்னும் ஒரு சாண் வளந்துரும்" என்பார் எதிர்வீட்டு ஹியூயி. டாடியும் சிரிப்பார். சிரித்துவிட்டு மறுபடி எண்ணுவார்.

அந்த ஜூன் மாதம் எனக்கு ஒன்பது வயது. முந்தின நாள் சைலேஜுக்கு, அதாவது மாடுகளின் குளிர்காலத் தீவனத்துக்கு, அறுத்துப் போட்ட புல்லை மழைக்கு முன் வாரிக்கொண்டு வந்தாக வேண்டும். வானம் மூடிக்கொண்டு வந்தது. ஃபின்டனைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அம்மா மாட்டுக்கொட்டகைக்குப் போயிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தது கதைப் புத்தகத்தை. டாடி டிராக்டரில் ஏறும் சத்தம் கேட்டு நிமிர்ந்தால், நான்கு வயதுப் பயலைக் காணோம். மாடியில் தூங்குவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திட்டு விழுமே என்ற பயம். ஆறிக்கிடந்த பெரிய கெட்டிலை ஜன்னலில் வைத்து, அவனுடைய சிவப்புக் கம்பளித் தொப்பியை அதன் மேல் கவிழ்த்தேன். ஊனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டாடி எண்ணினார். மூன்று. எஞ்சின் கிளம்பியது. டிரெய்லரைப் பின்னால் தள்ளத் திரும்பியவர், என்ன தோன்றியதோ, மறுபடி ஜன்னலைப் பார்த்தார். ஃபின்டன் எப்போதும் இரண்டு கையையும் ஆட்டி டாட்டா காட்டுகிறவன். சிவப்புத் தொப்பி அசையவே இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் பின்பக்கம் நடந்தார். டிரெய்லர் சக்கரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பூனைக்குட்டிக்கு ரொட்டி ஊட்டிக்கொண்டிருந்தான் அவன்.

டாடி அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோதும் கெட்டில் தொப்பியோடுதான் இருந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்தார்; ஒரு சிகரெட்டைப் பற்றவைக்க மூன்று தீக்குச்சி ஆயிற்று. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அறுத்த புல் நனைவதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இனிமே தலை போதாதும்மா, கை ஆடணும்" என்றார் என்னிடம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஃபின்டன் அந்தக் கெட்டிலுக்குத் தொப்பி மாட்டி, "வாடா தம்பி, சாப்பிடலாம்" என்று கூப்பிடுவான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஆனால் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன்.

டாடி போன பிறகு வந்த முதல் ஜூனில் டப்ளினிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். வீட்டில் நான் மட்டும், தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் ஃபின்டன் டிராக்டரில் ஏறினான். தலை நரைத்துவிட்டது அவனுக்கு. எஞ்சின் சத்தம் வரவில்லை. சாவியைத் தொலைத்துவிட்டானோ என்று நிமிர்ந்தேன். அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான், சிரிப்பில்லாமல்.

சோப்புக் கையோடு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். நுரை கண்ணாடியில் வழிந்தது. அதற்கு அப்பால் அவன் தொப்பியைத் தூக்கினான்.