சம்மதம் கேட்காத தண்ணீர்

மலாயாவில், ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் உபதேசியார் இன்னாசிமுத்து ஒரு கட்டிலருகே நின்றால், அதில் கிடப்பவன் பிழைக்கமாட்டான் என்று கூலிகள் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். "எமனோட கணக்கெழுதுற கிராணி வந்துட்டாரு" என்று அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். அவருக்குக் கோபம் வராது. காய்ச்சலில் போகிறவர்களை மோட்சத்துக்கு ஆயத்தப்படுத்தவே ஆண்டவர் தன்னை இந்தக் காட்டுக்கு அனுப்பியிருக்கிறார் என்று நம்பினார். ஜொகூர் பாருவிலிருந்து பங்குச் சாமியார் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். சாவு அதுவரை காத்திராது. அதனால் அவசர ஞானஸ்நானம் கொடுக்க உபதேசியாருக்கு அனுமதி இருந்தது. நோயாளியிடம் சம்மதம் கேட்க வேண்டும். கேட்பார். பேச முடியாதவனுக்குக் கண்ணிமை அசைந்தால் போதும். 1926 வரை, ஏழு வருஷத்தில் முப்பத்தொரு பேருக்குப் புதுப் பெயர் சூட்டி நோட்டில் எழுதியிருந்தார்.

பால்வெட்டுகிற செல்லப்பன் மட்டும் தெளிவாகவே சொன்னான்.

"வேணாம் உபதேசியாரே. எங்க முனியாண்டிகிட்டயே நான் போய்க்கிறேன். உங்க மோட்சத்துல எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்ல."

மறுநாள் அவனுக்கு நினைவு தப்பியது. இன்னாசிமுத்து அவன் தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டார். நரகத்தில் எரியப்போகிறவனிடம் என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது? நான்காம் நாள் செல்லப்பன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான்.

பிழைத்தவனை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சாமியார் வந்தபோது கேட்டார். சாமியார் பிரெஞ்சுக்காரர், தமிழைப் புத்தகத்தில் படித்தவர்.

"வேண்டாம் என்றவன்மேல் ஊற்றியது வெறும் தண்ணீர். அவன் மனமறிந்து சம்மதித்திருக்க வேண்டும்."

"கண்ணசைச்சவங்க, சாமி?"

சாமியார் பையை எடுத்துக்கொண்டார். "அது சர்வேசுரனுக்குத்தான் தெரியும். இனிமேல் நீ ஊற்றாதே" என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போனார்.

ஆஸ்பத்திரித் தோட்டி சொல்லித்தான் செல்லப்பனுக்கு விஷயம் தெரிந்தது. குழாயடியில் நின்று கத்தினான். "மயங்கிக் கிடக்கையில ஊத்தியிருக்கான்யா! இதுக்கு முந்தி யார் யாருக்கு ஊத்துனானோ அவன்லாம் எந்திரிச்சு வந்தா கேட்டிருப்பான்!"

அன்று மத்தியானமே கிருஷ்ணம்மா உபதேசியாரைத் தேடி வந்தாள். அவள் புருஷன் ஐயாசாமி அந்த முப்பத்தொருவரில் ஒருவன். 'அவன் மோட்சத்தில் இருக்கிறான், நீயும் வேதத்தில் சேர்ந்தால்தான் பார்க்கலாம்' என்று அவளிடம் சொன்னது இன்னாசிமுத்துதான். சேர்ந்தாள். அதோடு கூடப்பிறந்தவர்களே அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை விட்டார்கள்.

"அவரு வாயத் தொறந்து சரின்னாரா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "கண்ணு அசைஞ்சுதும்மா."

"காய்ச்சல்ல எல்லாருக்குந்தான் கண்ணு அசையும்." சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றாள். "எனக்கு ஊத்துனது செல்லுமா?"

"செல்லும். நீ மனசறிஞ்சு கேட்டே. சாமியாரே ஊத்தினாரு."

"அப்ப நான் அங்க. அவரு வேற எங்கயோ."

இன்னாசிமுத்து முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்காரவில்லை.

"எனக்கு ஊத்துனதை எடுத்துருங்க, உபதேசியாரே."

"எடுக்க முடியாதும்மா. ஒருதடவ விழுந்தா விழுந்ததுதான்."

"அவருக்கு ஒட்டவே இல்ல, எனக்கு மட்டும் நல்லா ஒட்டிக்கிச்சாக்கும்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவள் அவரை அறைந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு அவள் வந்தாள். லயத்தில் அவளைச் சேர்ப்பார் இல்லை. போக வேறு இடமும் இல்லை. 'ஆயத்தமாயிருங்கள்' என்று எப்போதும் தொடங்குகிறவர் அன்று நேராக மரித்தவர்களுக்கான ஜெபத்துக்குப் போனார். நோட்டை விரித்து, தான் சூட்டிய பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். சவேரி. தொம்மை. லாசரு.

"ஐயாசாமி" என்றாள் கிருஷ்ணம்மா.

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவரு பேரு ஐயாசாமி. அப்படியே வாசிங்க."

நோட்டில் லாசரு என்றுதான் இருந்தது; அந்தப் பெயர் இல்லை. இன்னாசிமுத்து அடுத்த பெயரை வாசித்தார்.