ஏரி என்ற சொல்

1956 அக்டோபர் 12 அன்று, ஓசூரில் வெளிவந்த ‘எல்லைச் சங்கு’ வாரப் பத்திரிகையின் முந்நூறு பிரதிகளைப் பஞ்சாயத்து வாசகசாலைகளுக்கு வாங்கிக்கொள்ள அரசின் உத்தரவு வந்தது.

அச்சுக் கோப்பவரான கௌஸ் பாஷா அப்போது முதல் பக்கத்தை முடித்திருந்தார். பாகலூர் பக்கம் அவருடைய அக்கா இருக்கும் ஊரின் ஏரிக்கரையில் வெடிப்பு விட்டிருந்தது, அதுதான் செய்தி. போன வாரம்வரை அதிகாரிகளைக் கிழித்துத் தோரணம் கட்டிய ஆசிரியர் நஞ்சுண்டப்பன், புது அங்கவஸ்திரத்தோடு வந்து ஒரு தாளை நீட்டினார். ஏரி மராமத்தில் மந்திரியின் சாதனைகள்.

“முதல் பக்கத்துல இதக் கோத்துடு பாய்.”

“எழுத்து பத்தாதுங்க. எல்லாம் ஏரிச் சேதியில மாட்டிக்கிச்சு.”

“அதக் கலைச்சிடு.”

“கரை ஒடஞ்சா ஊரே போயிடுங்க. எங்க அக்கா அங்கதான் இருக்குது.”

“அக்காவுக்கு ஒரு கடுதாசி போடு. பத்திரிகைன்னா பொறுப்பு வேணாமா?”

அந்தப் பொறுப்பு காலைத் தபாலில் உத்தரவோடு வந்து இறங்கியது என்பது பாஷாவுக்குத் தெரியும். நேற்றுவரை இந்த மனிதரை வீரர் என்று நம்பிய தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போட்டார். ‘ஏரி’ என்ற சொல்லை மட்டும் கலைக்கவில்லை. மந்திரிக்கும் அது வேண்டியிருந்தது.

கடுதாசியும் போட்டார். அக்கா ஓசூருக்கு வந்துவிட்டாள்.

நவம்பர் 3 அன்று கரை உடைந்தது. பதினொரு வீடுகளும் வாசகசாலையும் விழுந்தன. முந்நூறு பிரதிகளுக்கான உத்தரவு மறு ஆண்டுக்கும் நீட்டிக்கப்பட்டது.