கடைசி இடியின் நேரம்

நாலே முக்காலுக்கு விசிலக்கா ஊதிய ஊதலில் குளம் ஒரே நிமிடத்தில் காலியானது. நீச்சல் குளத்தில் உயிர்காக்கும் வேலை அவளுக்கு. கழுத்தில் தொங்கும் விசிலே பேராகிப்போய், சொந்தப் பேர் மேனேஜருக்குக்கூடச் சட்டென்று நினைவுக்கு வராது. தூரத்தில் ஒரு உறுமல், அவ்வளவுதான். ஒரு பொட்டு மழை இல்லை. ஆனால் இடி காதில் விழுந்துவிட்டால் மின்னலுக்கு நாமும் எட்டும் தூரம்தான் என்பது அவள் கற்ற முதல் பாடம். அந்த வெட்டவெளித் தண்ணீருக்குமேல் நீட்டிக்கொண்டிருப்பது மனிதத் தலைகள் மட்டுமே.

எல்லோரையும் கூடத்துக்குள் அழைத்து வந்து, ஷவரைத் திறக்காதீர்கள், குழாயைத் தொடாதீர்கள், சுவரில் சாயாதீர்கள் என்று வழக்கமான பாட்டைப் பாடினாள். மூச்சாவது விடலாமா என்று கேட்டார் தினமும் நீந்த வரும் சலூன்காரர். "அத மட்டும் நிறுத்திடாதீங்கண்ணே" என்றாள்.

கரும்பலகையில் 4.45 என்று எழுதினாள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆனால்தான் குளம் மறுபடி திறக்கும். நடுவில் இன்னொன்று கேட்டால் பழையதை அழித்துப் புதிய நேரம் எழுத வேண்டும். அப்படி அழித்து அழித்து, மழையும் கொட்டி, பலகை 5.08-ல் வந்து நின்றது.

ஒவ்வொரு மின்னலுக்கும் இடி கேட்கும்வரை அவள் எண்ணுவாள். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். ஆறு என்றால் மார்க்கெட் பக்கம், ஒன்பது என்றால் ஆற்றுப்பாலம். எங்கே இறங்கியது, அங்கே யார் நின்றார்கள் என்று தெரிந்துகொள்ள மனசு அலையும். தெரிய வழியில்லாததால், அது யாராக இருந்தாலும் காப்பாத்து சாமி என்று சொல்லிக்கொள்வாள்.

பெஞ்சின் ஓரத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் மெஷின்மேல் குனிந்தே முதுகு போய், டாக்டர் சொல்லி, ஐம்பத்திரண்டு வயதில் குளத்தில் இறங்கியவர். மூன்று மாதமாகிவிட்டது. குறுக்கே நீந்தப் புறப்படுவார்; பதினோராவது கைவீச்சில் குளத்தின் நடுவே கட்டிய கயிறு வரும்; பிடித்துக்கொண்டு தொங்கிவிடுவார். ஒருநாளும் அதைத் தாண்டியதில்லை. இன்றுதான் கடைசி நாள். நாளை முதல் டைல்ஸ் வேலைக்காகக் குளத்தை மூடுகிறார்கள்; அடுத்த வாரம் அவரும் மகள் ஊருக்கே குடிபோகிறார். இன்று கயிற்றைத் தொடமாட்டேன் என்று வரும்போதே விசிலக்காவின் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

ஐந்தரைக்கு மழை விட்டது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. மேனேஜர் சாவியோடு கதவருகே வந்து நின்றார். ஆறு மணிக்கெல்லாம் பூட்ட வேண்டும். தையல்காரம்மா தொப்பியை மாட்டி, முடியை உள்ளே தள்ளிக்கொண்டார்.

5.36. இன்னும் இரண்டு நிமிடம்.

அப்போது அது கேட்டது. யாரோ தொலைவில் மரப்பெட்டியைத் தரையில் இழுப்பதுபோல. விசிலக்கா எல்லோர் முகத்தையும் பார்த்தாள். பேச்சும் சிரிப்பும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. தனக்கு மட்டும்தான் கேட்டதா? வாயை மூடிக்கொண்டால் போதும்; அந்த அம்மா அக்கரை போய்விடுவார். கேட்டதைக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வதில் அப்படி என்ன பாவம்? டஸ்டர்மேல் கை போனது, திரும்பி வந்தது.

"யாருக்காவது ஏதாச்சும் கேட்டுச்சா?"

தன் வயிறாக இருக்கும் என்றார் சலூன்காரர். கூடம் சிரித்தது.

"லாரிம்மா அது. வானத்தப் பாரு, துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு" என்றார் மேனேஜர்.

"எனக்குக் கேட்டுச்சு."

தையல்காரம்மாதான். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோரும் திரும்பினார்கள்.

"என் கடை ரோட்டோரம். லாரி சத்தத்துலதான் முப்பது வருஷம் தைச்சேன். இது லாரி இல்ல. நீ அழிச்சு எழுது கண்ணு."

விசிலக்கா அழித்தாள். 5.36 என்று எழுதும்போது சாக்பீஸ் ஒடிந்தது. 6.06 என்ற கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது. தையல்காரம்மா தொப்பியைக் கழற்றி, ரவிக்கைத் துணியை மடிப்பதுபோல ஓரம் பார்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

விசிலக்கா காலியாக இருந்த இன்னொரு பெஞ்சைக் கூடத்தின் நடுவுக்கு இழுத்தாள்.

"குப்புறப் படுங்கம்மா."

"இதுலயா? பாக்கறவங்க சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும். படுங்க."

சலூன்காரர் தன் துண்டை நாலாக மடித்து அந்த அம்மாவின் நெஞ்சுக்கு அடியில் கொடுத்தார். தையல்காரம்மா கண்ணை மூடிக்கொண்டார். விசிலக்கா குளக்கரையில் நிற்பதுபோலவே பெஞ்சின் பக்கத்தில் நின்றாள். "கை... மூச்சு... கை..."

சட்டென்று ஜன்னல் முழுவதும் வெளுத்தது. யாருமில்லாத குளம் ஒரு நொடி பால்போலத் தெரிந்து மறைந்தது. மேனேஜர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விசிலக்காவுக்கு முந்தி எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு... ரெண்டு..." ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். அந்த எண்ணிக்கைக்கே தையல்காரம்மாவின் கைகளும் போயின. ஏழு. எட்டு. ஒன்பதுக்கு விசிலக்காவின் உதடுகள் சாமியிடம் ஏதோ முணுமுணுத்தன. பத்து. பதினொன்று. இடி இன்னும் வரவில்லை. பன்னிரண்டுக்குத் தையல்காரம்மாவின் கை, அங்கே இல்லாத கயிற்றைத் தாண்டி, விரல்களை ஒட்டி நீட்டியபடி முன்னே போய்க்கொண்டிருந்தது.