மூன்றாவது சைக்கிள்

படகின் கூரையில் மூன்று சைக்கிள்களைக் கட்டி வைத்திருந்தார்கள். நாங்களோ இரண்டே பேர்.

இருபத்தெட்டு வருடமாக ஆஸ்பத்திரி மருந்தகத்தில் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பவள் நான். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்துப் படித்து, எழுதியிருப்பதை அப்படியே நம்பக்கூடாது என்பது ரத்தத்தில் ஊறிவிட்டது. ஒன்று என்று போட்டிருந்தால், ஒன்றா ஏழா என்று திருப்பிக் கேட்பேன். சைக்கிள் விஷயத்திலும் கேட்டேன். "ஸ்பேர்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதற்கும் ஒரு ஸ்பேர் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. ஆனால் அந்த ஸ்பேர் சைக்கிளின் சீட்டை, ஸ்பேனர் இரவல் வாங்கி, ஒரு சாண் மேலே ஏற்றி வைத்தார். அவர் ஏறினாலே பெடல் எட்டாது. என்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

யாரோ உயரமானவள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

இந்த வெளிநாட்டுப் பயணம் எங்கள் பையன் செய்த ஏற்பாடு. பகலில் கால்வாய்க் கரையோரம் சைக்கிள் மிதிக்க வேண்டும். படகு தன் பாட்டுக்கு வரும். சாயங்காலம் அதில் ஏறிச் சாப்பிட்டுப் படுக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு இதுதான் வேலை. படகை ஓட்டுவதும் சமைப்பதும் ஒரே அம்மாள். நாங்கள் வைத்த பெயர் படகுக்காரம்மா. கால்வாயில் தண்ணீர் மட்டம் மாறும் இடங்களில் மதகு இருந்தது. படகை இரண்டு கதவுகளுக்கு நடுவில் நிறுத்தி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அந்தப் பக்கம் அனுப்புவார்கள். அதற்குக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரம்தான் என் சந்தேகத்தை வளர்த்தது.

எந்த மதகு வந்தாலும் இவர் எனக்கு முன்னால் மிதித்துப் போய்விடுவார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேரும்போது, தலையை வாரி, சட்டையை இழுத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். சாலைப் பக்கமே கண். கல்யாணத்தன்றுகூட இந்த மனிதர் தானாகத் தலை வாரவில்லை, அவர் அக்காதான் வாரிவிட்டார். பக்கத்தில் மூன்று டீ இருக்கும். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. மூன்றாவது ஆறிப்போகும், கடைசியில் கால்வாயில் போய்ச் சேரும்.

இரண்டாம் நாள் சாப்பாட்டு மேஜையிலும் மூன்று தட்டு. படகுக்காரம்மாவிடம் கைஜாடையில் விசாரித்தேன். அவள் இவரைக் காட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. நல்லவேளை, அவள் குள்ளம்.

பையனுக்குப் போன் போட்டேன். "அப்பாகிட்டயே கேளும்மா" என்று நழுவிவிட்டான். ஆக, அவனுக்கும் தெரிந்திருக்கிறது. அப்பனும் பிள்ளையும் கூட்டுக் களவாணிகள். அன்று சைக்கிளை மிதிக்கும்போது உண்மையிலேயே அழுகை வந்தது. ஐம்பத்திரண்டு வயதில், மூட்டுவலித் தைலத்தோடு, மொழி தெரியாத ஊரில் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகப் போகிறாரா? எதிர்க்காற்றில் கண் கலங்குகிறது என்று அவரிடம் சொல்லிவைத்தேன்.

அவர் போனில் "ஸ்பேர் பார்ட்ஸ்" என்ற பெயரில் யாரோ இருப்பதை மூன்றாம் நாள் கண்டுபிடித்தேன். லீவில் இருக்கிற மெக்கானிக்குக்கு அந்தப் பெயரில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை எடுத்துப் பார்க்க என்ன இருக்கிறது? நான் பக்கத்தில் போனால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. சைக்கிள் இல்லை. மத்தியானம் மழை விட்டதும், மதகுக் கதவின் சக்கரத்தைச் சுற்றக் கை கொடுக்கச் சொல்லிப் படகுக்காரம்மா கூப்பிட, இவர் அவசரமாக ஓடினார். போன் கட்டிலிலேயே கிடந்தது. மறுநாளோடு படகு முடிகிறது. எடுத்துவிட்டேன்.

ஸ்பேர் பார்ட்ஸுக்கு இவர் எழுதியிருந்தது: "வெள்ளிக்கிழமை வரைக்கும் படகுலதான். உன் ஊர்லேர்ந்து ரெண்டு மணி நேரம்தான். அண்ணியும் கூட இருக்கா. வாடா."

வாடா. ஒரு நிமிடம் அந்த "டா"வையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழே பதில்: "அண்ணியும் இருக்காங்களா. சரிண்ணா. வரேன்."

அதற்கப்புறம் ஒவ்வொரு மதகின் பெயரும் நேரமும் இவர் அனுப்பியிருந்தார். சீட்டை ஏற்றி வைத்திருப்பதாகவும் ஒரு வரி. ஒன்றுக்கும் பதில் இல்லை.

போனோடு கட்டிலில் உட்கார்ந்தேன். உயரமானவள் யாரும் இல்லை. உயரமானவர், என் கொழுந்தன்.

பதினோரு வருடத்துக்கு முன் அவர் எங்கள் வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தார். என் கம்மல் ஒன்று காணாமல் போனது. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று நான் உரக்கவே கேட்டேன். அன்றே பெட்டியைக் கட்டினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "சரி அண்ணி, வரேன்" என்றார். எந்த வீட்டிலும் அதற்குப் பதில் ஒன்றுதான்: போயிட்டு வாங்க. நான் "போங்க" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். இவர் முகம் அன்று செத்துப்போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மூன்று மாதம் கழித்து, வாஷிங் மெஷின் கதவின் ரப்பர் மடிப்பில் கம்மல் கிடைத்தது. போன் பண்ணிச் சொல்லிடு என்றார் இவர். சொல்கிறேன், சொல்கிறேன் என்றே காலத்தை ஓட்டிவிட்டேன். கொழுந்தன் வெளிநாடு போனது காதில் விழுந்தது. எந்த நாடு என்று நான் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

சக்கரம் சுற்றிய ஈரக் கையோடு உள்ளே வந்தவர், போனை என் கையில் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். ஒளித்ததற்கு அவரும், எடுத்ததற்கு நானும் சண்டை போட்டிருக்கலாம். இரண்டு பேருமே போடவில்லை.

"வரேன்னுதானே போட்டிருக்கான்?" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

"இது வர்ற வரேன் இல்லைங்க. போற வரேன். அன்னைக்கு வாசல்ல சொன்னதேதான்."

அவர் கட்டிலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். நனைந்தது கைதான், ஆனால் முகத்தையே வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் முதல் நாளே புரிந்திருக்கிறது. புரிந்தும், ஐந்து நாளாகத் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் மேலேயே எனக்கு அவ்வளவு வெறுப்பு வந்தது.

போனை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பதினோரு வருடமாக வாயில் வராததை விரலால் அடித்தேன்.

"தம்பி, அண்ணி பேசறேன். கம்மல் அப்பவே கிடைச்சிடுச்சு. சொல்லாம விட்டது என் தப்பு. அன்னைக்குப் போங்கன்னு சொன்னதும் தப்பு. வாங்க."

அனுப்பிவிட்டுச் சமையலறைப் பக்கம் போனேன். படகுக்காரம்மா மேஜை போட்டுக்கொண்டிருந்தாள். இன்று இரண்டே தட்டு, அவளுக்கும் நம்பிக்கை போய்விட்டது போல. மதகில் தண்ணீர் ஏற, படகும் மெதுவாக ஏறியது. ஜன்னலில் பாசி பிடித்த சுவர் கீழே போய், மழை நின்ற சாலை தெரிந்தது.

இவர் போனை நீட்டிக்கொண்டு வந்தார். ஒரே ஒரு வரி.

"வரேன் அண்ணி."

திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கிறுக்கல் படிக்கிறவள் நான்தானே.

"இது எந்த வரேன்?" என்றார்.

ஒன்றா ஏழா என்று நான் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து மூன்றாவது தட்டை எடுத்தேன்.

"வர்ற வரேன்" என்றேன். "போய் அந்தச் சீட்டைத் துடைங்க, நனைஞ்சு கிடக்கு."